தொப்பூரில் கலங்காத கிணறு

அன்புள்ள கோகிலவாணிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா? போனில் உனக்குச் சரியாகக் காது கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன்.

இங்கே தொப்பூரில் சாலைக்காக மலைச்சரிவை வெட்டுகிறோம். கீழே செல்லம்மாள் என்பவரின் கிணறு இருக்கிறது. மழை வந்தால் வெட்டிய மண் அதில்தான் இறங்கும். சேறு தங்க ஒரு குழி தோண்டும்வரை வேலையை நிறுத்தச் சொன்னேன். பொக்லைன் ஓட்டும் சந்திரமோகன், "ரோடு போடறமா, மீன் வளக்கறமாங்க சார்?" என்று சிரித்தார். எனக்கே சந்தேகம் வந்து, குழியின் அளவை மூன்று முறை கணக்கிட்டேன்.

செவ்வாயன்று மழை கொட்டித் தீர்த்தது. கவலைப்படாதே, நான் கொட்டகைக்குள்தான் இருந்தேன். காலையில் குழிக்குள் கோலை விட்டுப் பார்த்தேன். இரண்டடிச் சேறு நின்றிருந்தது. ஆனாலும் கிணற்றை எட்டிப் பார்க்கத் துணிவில்லை. செல்லம்மாள்தான் ஒரு குடம் இறைத்து, "பயப்படாம குடிங்க சார், நேத்து மாதிரியேதான் இருக்குது" என்றார். நாற்பது ஆண்டு வேலையில் அப்படி ஒரு தண்ணீரை நான் குடித்ததில்லை.

கொஞ்சம் மோர்மிளகாய் அனுப்பு. விலாசத்தை நீயே உன் கையால் எழுது.

வெளியே சந்திரமோகன், "அடுத்த குழிக்கு எங்கீங்க சார் கோடு போடறது?" என்று கூப்பிடுகிறார். போகிறேன்.

உன்,
நடராசன்