அம்மாவோட வயர்

ஜூன் 4, புதன்

ஹாலில் கால் வைக்க இடமில்லை. அட்டைப்பெட்டி, தெர்மாகோல், டிவிக்கு ஐந்து ஸ்பீக்கர், சுருள் சுருளாகக் கேபிள். நடுவில் சம்மணம் போட்டு இவர். "ஒரு வயர்கூட கண்ணுல படக்கூடாது. எல்லாத்தையும் சுவர்ல அடிக்கற கேசிங்குக்குள்ள தள்ளி மூடிடுவேன், பாரு."

துணி காயப்போட ஒரு கொடி கட்டித் தரச் சொல்லி மூன்று மாதம். அதற்குக் கை எழாது. இதற்கு மட்டும் டிரில் மெஷின் இரவல் வருகிறது!

ஆபீஸ் கிளம்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னேன். "என்ன வேணா பண்ணுங்க. அம்மாவோட வயர்ல மட்டும் கை வைக்காதீங்க."

"சரி சரி." தலை நிமிரவில்லை.

இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அம்மா தனியாக எழுந்திருக்கக் கூடாது. பகலில் ஆயா, இரவில் பக்கத்திலேயே நான்; மற்ற நேரத்துக்குக் கட்டிலோரம் ஒரு ஸ்விட்ச். அமுக்கினால் சமையலறையில் மணி அடிக்கும். அந்த வயர் ஹால் சுவரோரமாகத்தான் போகிறது.

ஜூன் 5

சுவர் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது. வாயைத் திறந்து சொல்ல மாட்டேன்.

ஜூன் 7, சனி

எழுதினால்தான் மனசு அடங்கும்.

சாயங்காலம் படம் போட்டார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. நானும் உட்கார்ந்து பார்த்தேன். படம் முடிந்து அம்மாவுக்கு டீ கொண்டுபோனால் — கட்டிலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருக்கிறாள். நைட்டி நனைந்திருக்கிறது.

"நாலஞ்சு தடவ அமுக்கினேன்டி. படம் பாக்கறீங்க, சரின்னு நானே எந்திரிச்சேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். குளிப்பாட்டி உட்கார வைத்ததும் மெதுவாகச் சொன்னாள். "என்னைத் தம்பி வீட்லயே விட்டுடேன்."

தம்பி வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அம்மாவுக்கும் தெரியும். மணி கேட்டும் நாங்கள் வரவில்லை என்று நினைக்கிறாள். அய்யோ, என்னைப் போய்!

ஜூன் 8

கேசிங்கைப் பிளந்து பார்த்தேன். மணி வயர் இரண்டு துண்டு. வெட்டிய முனைகளில் டேப் வேறு சுற்றி வைத்திருக்கிறது, ரொம்ப அழகு!

"பழைய டெலிபோன் வயர்னு நெனச்சேன்..."

"அம்மாவோட வயர்ல கை வைக்காதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"வைக்கலையே! பத்திரமா எடுத்து வச்சிருக்கேனே!"

ஓடிப்போய் அலமாரி மேலிருந்து ஒரு பையை இறக்கினார். உள்ளே அம்மா கூடை பின்னும் பிளாஸ்டிக் வயர். பச்சை ஒரு கட்டு, வெள்ளை ஒரு கட்டு.

சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்கும் சேர்த்து இந்த மனுஷன்மேல் பத்திக்கொண்டு வந்தது. கத்தித் தீர்த்தேன். இவர் கையோடு வயரை ஒட்டி, திரும்பக் கேசிங்குக்குள் போட்டு மூடினார்.

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "விடுடி. மாப்பிள்ளையக் காப்பாத்த நீ ஏன் கதை கட்டற?"

ஜூன் 10

மணி நன்றாக அடிக்கிறது. அம்மாதான் அமுக்குவதில்லை. நான் போகும்வரை அடக்கிக்கொண்டு கிடக்கிறாள்.

காலையில் வைத்த தண்ணீர்ச் சொம்பு சாயங்காலமும் அப்படியே இருக்கிறது. குடித்தால் பாத்ரூம் போக வேண்டுமே! டாக்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லிப் படித்துப் படித்துச் சொன்னார். இவரிடம் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன், இவர் முன்னால் அழுதுவிட்டேனே என்ற கோபமும் இருக்கிறது.

ஜூன் 11

ஆபீஸிலிருந்து வந்தால் சுவரைப் பார்க்கச் சகிக்கவில்லை. மணி வயர் கேசிங்குக்கு வெளியே! அம்மா கட்டிலிலிருந்து கிளம்பி, அறைக் கதவு நிலைமேல் ஏறி, வெள்ளைச் சுவரில் வரிசையாக அடித்த கிளிப்புகளில் டிவி பக்கம் போகிறது. மணி சமையலறையிலிருந்து டிவிக்கு மேலே வந்துவிட்டது. வயர்மேல் பச்சைப் பிளாஸ்டிக் வயர் வேறு சுற்றியிருக்கிறது.

அறை வாசலில் நின்று இவர் சொல்லிக்கொண்டிருந்தார். "படுத்த எடத்துலேர்ந்தே முழுசாத் தெரியுதா அத்தை? இனி எவன் வெட்டினாலும் மொதல்ல உங்களுக்குத்தான் தெரியும். நான் வெட்டினது வெட்டினதுதான். புத்தி இல்ல."

அம்மா, பச்சை வயர் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 14, சனி

கொடி இன்னும் கட்டவில்லை. மறக்க மாட்டேன்.

சாயங்காலம் படத்தில் கொலைகாரன் முகத்தைத் திருப்பும் நேரம், மணி அடித்தது. படத்தை நிறுத்திவிட்டு எனக்கு முன்னால் இவர் ஓடினார்.

"உன்னைத்தான் கூப்பிடறாங்க. பாத்ரூமாம்."

கூட்டிப்போய் வந்து படுக்க வைத்தேன். எதிரே வயரைப் பார்த்தபடி, "ரெண்டு எடத்துல சுத்து தப்பு, மாப்பிள்ளைக்குப் பின்னத் தெரியல" என்றாள். பிறகு சொம்பை எடுத்து நீட்டினாள். காலியாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் தண்ணி கொண்டு வாடி."