லேசாகத் தொட்டாலும் அடிக்க வேண்டிய மணி

அன்புள்ள அம்மா,

காய்ச்சல் விட்டதா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடவில்லையே? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம்தான்.

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து நோயாளி நர்ஸைக் கூப்பிடும் மணி செய்கிறோம். யாரும் தொடாமலே அது அடித்தது. பார்த்தால், பட்டனின் கம்பி வந்து சேரும் சிப்பின் காலை, அந்தப் பட்டனைக் கவனிக்கும் டிரைவர் என்கிற அடிப்படைப் புரோகிராமில், எதோடும் கட்டாமல் அந்தரத்தில் விட்டிருக்கிறார்கள். பக்கத்தில் விளக்கைப் போட்டால்கூட யாரோ அழுத்தியதாக நினைத்துக்கொள்கிறது. அதை ஒரு நிலையில் இழுத்துப் பிடிக்க அந்தப் புரோகிராமில் ஒரே வரி சேர்த்தால் போதும்.

எங்கள் டீம் லீடரோ, "டிரைவரைத் தொட்டா மறுபடி முழு டெஸ்ட் பண்ணணும் மேடம். அதை விட்டுட்டு, மூணு செகண்ட் விடாம அழுத்தினாத்தான் மணி அடிக்கும்னு மேல இருக்கிற புரோகிராம்ல மாத்திடுங்க" என்றார்.

"அவ்வளவு வலு இருக்கிறவன் எதுக்கு சார் கட்டில்ல படுத்திருக்கான்?"

"சென்டிமென்ட் எல்லாம் வேண்டாம் மேடம்" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த வரியைச் சேர்த்தேன். அவர் எடுத்தார். திரும்பவும் சேர்த்துவிட்டேன். இன்று மேனேஜர் விசாரிக்கிறாராம். பயப்படாதே, வெறும் பேச்சுதான்.

நீ போட்டுக்கொள்ளும் ஸ்வெட்டர் ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம்.

கூப்பிட்டுவிட்டார்கள், போகிறேன். வேலையே போனாலும் அந்த வரியை நான் எடுக்கப்போவதில்லை அம்மா.

உன் மகள்