உரிமையாளர் நீக்கிவிட்டார்

திருவண்ணாமலை,
பௌர்ணமிக்கு மறுநாள்.

அன்புள்ள தம்பி மாறனுக்கு,

கீர்த்தனா அக்கா எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகள் சினேகாவும் உடம்புக்கு நன்றாக இருக்கிறோம். சிங்கப்பூரில் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள், அதனால்தான் தபால். இதை நீங்கள் கையில் வாங்கிவிட்டால் நானே நினைத்தாலும் திரும்ப எடுக்க முடியாது. அந்த மட்டில் காகிதம் நல்லது.

நேற்று கிரிவலக் கூட்டம். செங்கம் ரோடு முழுக்க ஜனம், நம் இட்லிக் கடையில் நிற்க இடமில்லை. அழ நேரம் கிடைக்கவில்லை, அதுவும் நல்லதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். என் தங்கை ஓவியா ஆஸ்பத்திரியில் படுத்தபடியே சினேகாவுக்காகச் சொல்லிப் பதிவு செய்த கதைகள் போனது உங்களுக்கும் தெரியும். அவள் கருமாதி முடிந்ததும் பலராமன் சித்தப்பா, "செத்தவங்க பேர்ல எதுவும் நிக்கக் கூடாது, எல்லாத்தையும் முடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றார். ரேஷன் கார்டில் பெயரை எடுத்தோம், கேஸ் சிலிண்டர் இணைப்பைப் பெயர் மாற்றினோம். நீங்கள் அவளுடைய ஆன்லைன் கணக்கையும் மூடினீர்கள். அதிலிருந்து அவள் எனக்கு ஷேர் செய்த கதைகள் என்னிடமே இருக்கும் என்று நான் நினைத்தேன். இருந்த துக்கத்தில் நீங்களும் யோசிக்கவில்லை. கணக்கோடு அத்தனையும் போயிற்று. கம்பெனிக்கு எழுதிக் கேட்டும் மீட்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

"டிசைனே அப்படித்தான் அக்கா, ஆளுக்கொரு காப்பி வெச்சா இடம் ஜாஸ்தி ஆகும்" என்று கடைசியாகப் பேசியபோது சொன்னீர்கள். நீங்களும் அதே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர், உங்களுக்கு நியாயமாகத் தெரியலாம். எனக்கு வயிறு எரிகிறது. கொடுக்காததற்கு ஏன் ஷேர் என்று கொடுத்ததுபோல் பெயர் வைக்க வேண்டும்? நான் பரிமாறிய இட்லியைக் கடை மூடியதும் தின்றவர் வயிற்றிலிருந்து எடுத்துக்கொள்வேனா? கணக்கை மூடும்முன், இதை ஒரு குழந்தை தினமும் கேட்கிறது, மூடலாமா என்று ஒரு வரி காட்டினால் என்ன குறைந்துவிடும்?

அதுகூடப் போகட்டும். சினேகா இரண்டாம் வகுப்பு, எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். வழக்கம்போல் கதை கேட்க என் போனைத் திறந்தவள், அதில் இருந்ததைப் படித்தாள்: "உரிமையாளர் இந்தக் கோப்பை நீக்கிவிட்டார்." உரிமையாளர் என்றால் யார் என்று கேட்டாள். பதிவு செய்தது அம்மாதானே, அம்மா என்று சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பிறகு அவள் கதையே கேட்பதில்லை. முந்தாநாள் தலை பின்னும்போதுதான் வாயைத் திறந்தாள். "மருந்து வாசனை அடிக்குதுன்னு நான் அம்மா கிட்ட போகல. அதான் அழிச்சிட்டாங்களா பெரியம்மா?" என்று கேட்டாள். இல்லவே இல்லை கண்ணு என்று எவ்வளவோ சொன்னேன். போனில் எழுதியிருக்கிறதே என்கிறாள்.

தம்பி, எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. இருந்தது, அழுது தீர்த்துவிட்டேன். நீங்களும் அவளைப் பறிகொடுத்தவர்தான். ஆனால் ஒருமுறை வாருங்கள். வீடியோ காலில் வேண்டாம். அவள் எதிரில் உட்கார்ந்து, அழித்தது அம்மா இல்லை, அப்பாதான், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லுங்கள். கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும். நீங்கள் இருக்கிறீர்கள், மடியில் வைத்துச் சமாதானம் சொல்லலாம். ஓவியாவால் அது முடியாது.

அண்ணாமலையார் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சீக்கிரம் வாருங்கள்.

இப்படிக்கு,
வாசலைப் பார்த்திருக்கும் அக்கா,
கீர்த்தனா