ஜீரோ வந்த ரிப்போர்ட்

இன்னும் தூங்கிக்கொண்டிருந்த கணவன் மனோஜ்குமாருக்கு, ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டின் பின்பக்கத்திலேயே எழுதினாள் லோகப்பிரியா. முன்பக்கத்தை அவன் படித்துக் கிழித்த லட்சணம் அவளுக்குத் தெரியும்.

"ஏனுங்க மாமா, பி செல் ஜீரோன்னு பாத்ததும் சொந்தபந்தத்துக்கெல்லாம் போன் போட்டுட்டீங்களாமா. இதென்ன பத்தாவது மார்க் ஷீட்டுங்களா? இந்த எம்.எஸ். சீக்குல என் நரம்பை அரிக்கறதே ரத்தத்துல இருக்கற அந்த செல்லுதான். அதை ஒழிக்கத்தான் ஆறு மாசத்துக்கொருக்கா மருந்து ஏத்தறாங்க. ஜீரோன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். டாக்டர் சொன்னப்ப நல்லாத் தலையாட்டுனீங்க.

கடைசியா ஒருக்கா என் மொகத்தைப் பாக்கோணும்னு தாராபுரத்துல உங்க அக்கா பஸ் ஏறீட்டாங்க. பிளாஸ்க்குல காப்பி இருக்குது. நீங்களே ஊத்திக் குடுத்து, நான் சாகலைன்னு நீங்களே சொல்லுங்க. நான் வேலைக்குப் போறேன்."

பேனாவை மூடியவள் மறுபடி திறந்து, அடியில் நெருக்கி எழுதினாள்.

"பாத்ரூம்ல கொழாயைத் தொறந்துவிட்டு அழுதா வெளிய கேக்காதுன்னு ஆருங்க சொன்னாங்க? டேங்க் சுத்தமாக் காலி. எந்திரிச்சதும் மோட்டாரைப் போடுங்க. இனி அழுகோணும்னா எம் பக்கத்துல வந்து உக்காந்து அழுங்க. தண்ணியாவது மிஞ்சும்."