பதினோரு கதவுகள்

மார்ச் 4, செவ்வாய்

நகராட்சியின் கணக்கெடுப்புக் கையேடு பிழை திருத்த என் மேசைக்கு வந்தது. ஏழைகளின் குடியிருப்பு நான்கு வகையாம்: நடைபாதை, கால்வாய்க்கரைத் தகரக் கொட்டகை, ஆலை வரிசை வீடு, தடுத்துப் பிரித்த பழைய மாளிகை. நாங்கள் நான்காம் வகை. ஒருவழியாக அச்சில் ஏறிவிட்டோம்.

பக்கம் 12: ‘தனிக் கதவு உள்ளதே தனி வீடு. கட்டடம் இடிக்கப்படும்போது வீட்டுக்கு ஒரு புதிய அறை.’

எங்கள் மாளிகையில் பதினோரு குடும்பம், நாற்பத்தாறு பேர், ஒரு கழிப்பறை. கதவும் ஒன்றுதான், தெருவாசலில். மற்றதெல்லாம் பலகைத் தடுப்பும் திரையும். ஆக, எல்லோருக்கும் சேர்த்து ஓர் அறை. வாக்கியத்தை மூன்று முறை படித்தேன். பிழையே இல்லை.

மார்ச் 5, புதன்

எல்லோரிடமும் சொன்னேன். மாடிப்படிக்கு அடியில் மகளோடு குடியிருக்கும் தையலக்கா கொதித்துவிட்டார். “பன்னெண்டு வருஷமா இந்தத் திரைக்குப் பின்னால குடும்பம் நடத்தறேன். இது வீடு இல்லியா?”

“வீடுதான்க்கா. படிவத்துக்குத்தான் தெரியல.”

சனிக்கிழமை எண்ண வருகிறார்கள். பதினோரு கதவுக்குத் தச்சர் இரண்டு மாதம் கேட்கிறார்.

மனைவி சொன்னாள்: “எங்க அண்ணனைக் கேளுங்க. கால்வாய்க்கரையில வீட்டுக்கு வீடு கதவு இருக்கு.”

கேட்பதா? நானா? மச்சான் வீட்டைப் பத்து வருஷமாக ‘தகர டப்பா’ என்கிறேன். அவர் எங்கள் மாளிகையை ‘அரண்மனை’ என்கிறார். அங்கே வெயிலில் கூரை கொதிக்கும், மழையில் கால்வாய் உள்ளே வரும். இங்கே பகலிலும் விளக்குப் போட வேண்டும். ஆளுக்கொரு பெருமை.

மார்ச் 6, வியாழன்

போனேன். மச்சான் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று. “அரண்மனையில கதவு இல்லியாம்!” என்று வரிசை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு: “எங்களை நேத்தே எண்ணிட்டாங்க மாப்ளே. ரெண்டு நாள் கதவு இல்லாட்டி என்ன, உள்ள இருக்கற ஒத்தை ஸ்டவ்வா ஓடிப்போயிடும்?”

மார்ச் 7, வெள்ளி

பதினோரு தகரக் கதவுகள் தலைச்சுமையாக வந்தன. தச்சர் கீல் அடித்தார். தையலக்கா வீட்டுக் கதவு படிக்கட்டில் இடித்துக்கொண்டு பாதிதான் திறக்கிறது. அவர் அதைப் பத்துத் தடவை திறந்து மூடினார்.

எல்லாம் மாட்டிய பிறகுதான் பார்த்தேன். ஒவ்வொரு கதவிலும் சிவப்புச் சாயத்தில் எண் — 31 முதல் 41 வரை. கணக்கெடுத்தவர் போட்டது! பிழை திருத்துவது என் தொழில்.

மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தோம். போகவில்லை. கழற்றி, எண் உள்பக்கம் வரும்படி மறுபடி மாட்டினோம்.

மார்ச் 8, சனி

வந்தார். கால்வாய்க்கரையை எண்ணிய அதே ஆள், அதே சிவப்புச் சாய டப்பா. வெளியிலேயே நின்று ஒன்றிலிருந்து பத்து வரை போட்டுவிட்டார். எனக்கு மூச்சு திரும்பியது. தையலக்காவிடம் மட்டும், “இதுக்குள்ள ஆள் படுக்க முடியுமா?” என்று கேட்டுக் குனிந்து உள்ளே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

உள்ளேயிருந்து அவர் குரல்: “இது என் கையெழுத்து.”

“நல்லா எழுதறீங்க சார்” என்றார் தையலக்கா.

வெளியே வந்தார். நாற்பத்தாறு பேரும் அவர் முகத்தையே பார்த்தோம். அவர் படிவத்தைப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

“கதவு இருக்கான்னுதான் கேட்டிருக்கு. யாரோடதுன்னு கேக்கல” என்று சொல்லிவிட்டுத் தூரிகையைத் தோய்த்து 11 என்று போட்டார். இந்த முறை கொஞ்சம் பெரிதாகவே.

மார்ச் 9, ஞாயிறு

கதவுகளைத் திருப்பிக் கொடுத்தோம். “இப்ப எங்களுக்கு ரெண்டு பக்கமும் நம்பரு” என்றார் மச்சான். ‘தகர டப்பா’ நாக்கு வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

புது அறைக்கான பட்டியல் ஒட்டிவிட்டார்கள். பதினோரு பெயர், பதினோரு வரி. என் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. பேனா சட்டைப்பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

சாயங்காலம் எங்கள் திரைக்கு அந்தப் பக்கம் தையலக்கா வந்து நின்று, “டக் டக்” என்று வாயாலேயே சொன்னார்.

திரைக்குக் கீழே அவர் கால்கள் தெரிந்தன. இருந்தாலும், “யாரு?” என்று கேட்டேன்.