மாமியும் மாசித்தூளும்

12ஆம் திகதி, சனிக்கிழமை.

அக்காவின் பிறந்தநாள் பார்ட்டிக்கு, அவளைத் தன் மகனுக்குப் பெண் கேட்டிருக்கும் மாமி குண்டசாலையிலிருந்து வந்தார். மீன் மட்டுமல்ல, பாலும் நெய்யும்கூடத் தொடாதவர். அவருக்காக அம்மா லீக்ஸ், கீரை, அரைத்த கஜுப்பருப்பு, தேங்காய்ப்பால், சீரகத்தூள் சேர்த்துச் சுடச்சுட டிப் செய்தார். மாமி பிஸ்கட்டைத் தொட்டு மூன்றாம் தடவை எடுத்தபோதுதான் எனக்கு என் குறும்பு ஞாபகம் வந்தது. போன வாரம் அண்ணனை ஏமாற்ற, சீரகத்தூள் லேபிளை மாசிக்கருவாட்டுத்தூள் போத்தலில் ஒட்டியது நான்தான். கல்யாணமே கருவாடாகிவிடும் என்று குசினிக்கு ஓடி அம்மாவிடம் சொன்னேன்.

“நான் லேபிள பாத்தாடா சமைக்கிறேன்? அன்னைக்கே மோந்து பாத்துட்டேன். போட்டது சீரகம்தான்.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீயா எப்ப வந்து சொல்றன்னு பாத்தேன்.”

மாமி செய்முறையை எழுதிக்கொண்டு சிரித்தபடி போனார். இப்போதுதான் எனக்குப் பசிக்கிறது. டிப் சட்டியை அண்ணன் வழித்துவிட்டான்.