பாதியில் நிற்கும் விருந்து

காகேதி,
மே 2, 2006

அன்புள்ள எதெரிக்கு,

நலம். இந்த முறை உண்மையாகவே நலம். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் தொலைபேசியில் நான் சொன்ன நலமெல்லாம் பொய். கோபப்படுவதாக இருந்தால் இப்போதே கோபப்பட்டு முடித்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மேலே படி. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோதே சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அது முடியாது. கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் நான் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடிக்கப்போவது இதுதான் முதல் தடவை.

பிப்ரவரியில் எனக்கு நிமோனியா வந்தது. மேல் தோட்டத்தில் திராட்சைக் கொடி வெட்டிக்கொண்டிருந்தேன். பனியும் மழையும் சேர்ந்து கொட்டியது. பாதி வரிசையில் விட்டுவிட்டு வர மனமில்லாமல் முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். நான்காம் நாள் மூச்சு விட முடியவில்லை. பக்கத்து வீட்டு ரெவாஸ்தான் தன் லொடலொட வண்டியில் என்னைத் தூக்கிப் போட்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். மூன்று வாரம் அங்கே கிடந்தேன். அந்த மூன்று ஞாயிறும் "அவன் கொடி வெட்டப் போயிருக்கான்" என்று பக்கத்து வீட்டிலிருந்து உனக்குச் சொன்னவன் அவன். மூன்று வாரம் வெட்டுகிற அளவுக்கு நமக்கு ஏது கொடி என்று நீ யோசித்திருக்க வேண்டும். நான்காம் ஞாயிறு நான் பேசினேன். "ஏன் குரல் இப்படி இருக்கு? குடிச்சிருக்கியா நொதார்?" என்று கேட்டாய். ஆமாம் என்றேன். ஒரு மாதமாக ஒரு சொட்டு தொடாதவன், குடித்ததற்காக உன்னிடம் திட்டு வாங்கினேன். அன்று அந்தத் திட்டு எவ்வளவு இதமாக இருந்தது தெரியுமா?

நம் பெண்ணைத் திட்டாதே. கேத்தோ குழந்தையைத் தூக்கிக்கொண்டு தலைநகர் திபிலீசியிலிருந்து ஓடி வந்தாள். அம்மாவிடம் சொல்லாதே என்று நான்தான் அவளிடம் சத்தியம் வாங்கினேன். "அம்மாகிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்பா. கேக்காததைச் சொல்லவும் மாட்டேன்" என்றாள். அப்படியே உன் வாய். ஏன் மறைத்தேன் என்றால், கேள்விப்பட்ட மறுநாளே நீ புறப்பட்டு வந்திருப்பாய். கையில் அனுமதிக் காகிதம் இல்லாதவள், ஒரு தடவை எல்லையைத் தாண்டினால் திரும்பப் போக முடியாது. எனக்கு அது பயமில்லை. ஆனால் ஒரு நோயாளியைப் பார்க்க நீ வருவது எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே பாரியிலும் ஒரு நோயாளியைத்தானே சம்பளத்துக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். பீனா அம்மாளின் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? என் நமஸ்காரத்தைச் சொல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்கும் கோபப்படுவாய். வண்டியில் ஏற்றும்போது காய்ச்சல் வேகத்தில் ரெவாஸிடம், "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தச் சின்னத் தாழியைத் திறடா. என் சாவுக்கு மட்டமான ஒயின் ஊத்தினா எழுந்து வந்துடுவேன்" என்று சொல்லியிருக்கிறேன். எந்தத் தாழி என்று உனக்குத் தெரியும். நீ ஊரை விட்டுக் கிளம்பிய வருடம் அறுத்த கறுப்புத் திராட்சை. நீயே மிதித்தது. மூடி போட்டு, களிமண் பூசி, மேலே மண் தள்ளி, நீ வரும் நாளில்தான் திறப்பது என்று விட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் டாக்டர், ரெண்டு நாள் தாண்டினால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றிருக்கிறார். இந்த அவசரக்குடுக்கைக்கு அதுவே போதுமாக இருந்தது. ஊருக்கு வந்து பெரிய அண்டாக்களுக்குச் சொல்லி, நீள மேசைகளுக்குச் சொல்லி, பாதிரியாருக்கும் சொல்லிவிட்டு, தாழியையும் திறந்துவிட்டான்!

நான் பிழைத்துக்கொண்டேன். அண்டாக்காரன்தான் ஏமாந்து போனான்.

வீட்டுக்கு வந்ததும் ரெவாஸ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். "ஏண்டா மூடியைத் திறந்தே? மண்ணைத் தள்ளினதோட நிறுத்தியிருக்கலாமே" என்றேன். "சாவுக்கு ஊத்தற ஒயின் நல்லா இருக்கான்னு பாக்க வேணாமா?" என்றான். எப்படி இருந்தது என்று கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இது உன் சாவுக்கு ரொம்ப ஜாஸ்திடா நொதார்" என்றான். அவனை அடிப்பதா, கட்டிக்கொள்வதா? அடிக்கத் தெம்பில்லை, கட்டிக்கொண்டேன்.

காற்று பட்ட தாழியை அப்படியே விட முடியுமா? ரெவாஸை வைத்தே மூன்று பெரிய கண்ணாடிக் குடுவைகளில் கழுத்து வரை நிரப்பி, அடைத்து, நிலவறையின் இருட்டு மூலையில் வைத்திருக்கிறேன். ஜூன் வெயில்வரை தாங்கும். ஆகஸ்ட் வெயில் தாங்காது.

இனி நல்ல கதை. மாத்திரைகள் முடிந்ததும், நம் பள்ளிக்கூட வாத்தியார் மகள் டாக்டர் மனானா வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டாள். "நொதார் மாமா, இனிமே சாப்பாட்டோட ஒரு கிளாஸ். ஒண்ணுதான்" என்றாள். நான் ஒயின் குடிக்கிற மாட்டுக் கொம்பு இருக்கும் அலமாரிப் பக்கம் திரும்பினேன். "அந்தக் கொம்பை எடுக்காதீங்க. உங்க ஊர்க்காரங்க கிளாஸ் எனக்குத் தெரியும்" என்று தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். கண் கழுவுகிற கிண்ணத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ரெவாஸ் அதைப் பார்த்துவிட்டு, "டேய், இது காதுல ஊத்தறதா?" என்று கேட்டான்.

முதல் நாள் ஏப்ரல் பத்து. நம் தேன் நிற ஒயின், தோலோடு கிடந்து ஊறியது, எனக்குப் பிடித்ததிலேயே பிடித்தது. ஊற்றி வாயில் வைத்தேன். ஒன்றுமே இல்லை. ஈரம் மட்டும். எதெரி, ஆஸ்பத்திரியில்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. எந்தச் சரிவில் காய்த்தது என்று ஒரு வாயில் சொல்கிறவன் நான். இனி சாப்பிடுவதும் குடிப்பதும் இப்படியே மரத்துப்போய்விடுமோ என்று உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் நாளும் ஈரம்தான். மூன்றாம் நாள் நாக்கின் ஓரத்தில் வால்நட் தோலின் கசப்பு லேசாகத் தட்டியது. எழுந்து நின்று ரெவாஸைக் கூப்பிட்டேன், அவன் மறுபடியும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று ஓடி வந்தான். ஐந்தாம் நாள் சீமை மாதுளை மணம். எட்டாம் நாள் எல்லாமும் திரும்பிவிட்டது, உப்பு போட மறந்த சூப்பின் ருசி உட்பட. சமையல் நான்தான்.

ஒரு கிளாஸில் எப்படி விருந்து நடத்துவது என்பது அடுத்த பிரச்சினை. வாழ்த்து சொல்லாமல் குடித்தால் அது ஒயின் இல்லை, மருந்து. ஒரு கிளாஸுக்கு ஒரு வாழ்த்து. அதனால் ஒரு விருந்தைப் பிரித்துப் போட்டேன், ஒரு நாளுக்கு ஒரு வாழ்த்தாக. முதல் நாள் அமைதிக்கு. இரண்டாம் நாள் மண்ணுக்கு. பிறகு பெற்றவர்களுக்கு. போனவர்களுக்கு வாழ்த்து சொன்ன நாளில் உன் அப்பா தோட்டத்து ஒயினைத் திறந்தேன். மனுஷன் உயிரோடு இருந்தபோது எவ்வளவு கரகரப்பாகப் பேசுவாரோ, அதே கரகரப்பு. பிள்ளைகளுக்கு, பேரனுக்கு, கொடிகளுக்கு, மனானாவுக்கு. ரெவாஸுக்கு வாழ்த்து சொன்ன நாளில் அவன் செய்த ஒயினையே குடித்தேன். நட்புக்காக அதையும் செய்ய வேண்டியிருந்தது. தினமும் மத்தியானம் அவன் எதிரே உட்கார்ந்து கேட்பான். நாலு ஊர்க் கல்யாணத்துக்கு வாழ்த்து சொல்லி நடத்தும் விருந்துத் தலைவனாகப் போய் வந்தவன் நான். ஒரே ஒரு விருந்தாளியை வைத்துக்கொண்டு இத்தனை நன்றாகப் பேசியதே இல்லை. எடை ஏறியிருக்கிறது. மேல் தோட்டம் வரை நிற்காமல் ஏறுகிறேன். ரெவாஸ்தான் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறான்.

பத்தொன்பதாம் நாள் உன் முறை வந்தது. அன்றைக்கு அந்தக் குடுவைகளில் ஒன்றைத் திறந்தேன். எழுந்து நின்றேன். "எதெரிக்கு" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. ரெவாஸ் தன் கிளாஸைக் கையில் எடுத்தான். பிறகு, "என்னடா, தலைவரே வாயடைச்சுப் போயிட்டார்?" என்றான். நான் அப்படியே குடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஐந்தரை வருடத்துக்கு முன் நீ கிளம்பிய நாளில் நான் பேருந்து நிற்குமிடத்துக்கு வரவில்லை. கொடிக்கு மருந்து அடிக்க வேண்டும் என்று சொன்னேன். நவம்பரில் எவன் கொடிக்கு மருந்து அடிப்பான்? இலையே இல்லாத கொடிக்கு! உனக்கும் அது தெரியும், சரி என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டாய். ஆலங்கட்டி மழை தோட்டத்தை அழித்தது, கேத்தோ படிக்க வேண்டியிருந்தது, பெண்டாட்டியை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பித்தான் வீடு நிற்கிறது என்கிற வெட்கம் எனக்கு. நான் காலி வரிசைகளுக்கு நடுவில் நின்று பேருந்து போகிற சத்தத்தைக் கேட்டேன். ஊருக்கெல்லாம் வாழ்த்து சொல்கிறவன் உனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேத்தோ படித்து முடித்து மூன்று வருடமாகிறது. ஒவ்வொரு அறுவடைக்கும் நீ இன்னும் ஒரு வருஷம் என்கிறாய். நானும் சரி என்கிறேன். வா என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை எதெரி. கேட்டு நீ வராமல் போனால் என்ன செய்வது என்ற பயம்தான்.

அன்றைக்குச் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். இந்த வீட்டுக் கூரை, கேத்தோவின் படிப்பு, நான் விழுங்கிய மருந்து, எல்லாம் உன் கை. உன் கைக்கு வாழ்த்து. என் பொய்யைப் பொய் என்று தெரிந்தும் சரி என்று சொன்ன உன் வாய்க்கு வாழ்த்து. நீ இல்லாமல் எனக்கு ஒயினின் ருசி திரும்பியது, வீட்டின் ருசி திரும்பவில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. யாரை வாழ்த்தினோமோ அவர் கடைசியாக எழுந்து பதில் சொல்லிக் குடிக்க வேண்டும். அதுவரை தலைவன் அடுத்த கிளாஸை ஊற்றக் கூடாது. இந்த வழக்கத்தை நான் யார் கல்யாணத்திலும் விட்டுக்கொடுத்ததில்லை, இப்போதும் விடமாட்டேன். இதுவரை மற்றவர்களுக்காக ரெவாஸ் எழுந்து பதில் சொன்னான், உனக்காக யாரும் சொல்ல முடியாது. அதனால் நாலு நாளாக நான் ஒரு சொட்டும் தொடவில்லை. ரெவாஸுக்கு மகா கோபம். "அவ வர்ற வரைக்கும் நானும் காயணுமா?" என்று கத்துகிறான். காயட்டும். தாழியைத் திறந்தவன் அவன்தானே.

இந்தக் கடிதத்தோடு, பாரிக்கு ஆட்களை ஏற்றிப் போய்வரும் பாத்ரியின் வண்டியில் ஒரு புட்டி வருகிறது. அந்தத் தாழியின் ஒயின். எடுத்த அளவுக்குக் குடுவையில் காற்று நிற்கக் கூடாதென்று ஆற்றுக் கூழாங்கற்களைக் கொதிக்கவைத்துப் போட்டு மட்டத்தை ஏற்றியிருக்கிறேன். புட்டியைப் பீனா அம்மாளோடு குடி. அது பதில் இல்லை, ருசி பார்க்க மட்டும். பதிலை நம் மேசையில் எழுந்து நின்றுதான் சொல்ல வேண்டும். அந்த அம்மாளிடம் பக்குவமாகச் சொல். பாரியில் வேலை தேடும் நம் ஊர்ப் பெண்கள் இருக்கிறார்களே, நல்லவளாக ஒருத்தியை உன் இடத்துக்கு நீயே பார்த்து வைத்துவிட்டு வா.

பாத்ரி மே மாதக் கடைசியில் பாரியிலிருந்து திரும்புகிறான். முன் இருக்கையை யாருக்கும் கொடுக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது நிஜமாகவே கொடிக்கு மருந்து அடிக்கிற காலம். ஒரு நாள் தள்ளினாலும் இலையில் புள்ளி விழும். விழட்டும். நான் பேருந்து நிற்குமிடத்தில் நிற்பேன்.

கடவுள் உன் வழியைக் காக்கட்டும்.

உன்
நொதார்